வெண்டலின் ரூப் சொன்ன 'இல்லை'

கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்ததும் வெண்டலின் ரூப் முதலில் செய்த காரியம், மாட்டுத் தொழுவத்துக்குள் போய் உள்தாழ் போட்டுக்கொண்டதுதான். செய்தி கொண்டுவந்தவர்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவருடைய மாவாலை வாசலில் நின்றிருந்தார்கள். அவருடைய மனைவி அப்போலோனியா அவர்களுக்கு ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து, தொழுவத்துக் கதவைக் கரண்டிக் காம்பால் தட்டினாள்.

"வெளிய வாங்க. தூக்குல போடக் கூப்பிடலை. சபைக்குத்தான் அனுப்பப் போறாங்களாம்."

"ரெண்டும் ஒண்ணுதான்டி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இதை அப்போலோனியாவே பின்னாளில் எனக்குச் சொன்னாள். அவர் தேர்வான காலத்தில் நான் தலைநகரில் கீழவையின் சுருக்கெழுத்தர்களில் ஒருவனாக இருந்தேன். ரொட்டிக்கடைக்காரரின் விதவை ஒருத்தி நடத்திய விடுதியில் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றதில் வெண்டலின். நடுவில் ஒரு பலகைச் சுவர். அவர் பெருமூச்சு விட்டால் என் மெழுகுவர்த்தி ஆடும் என்று தோன்றும்.

அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவருக்கே விளங்கவில்லை. டியூக் ஆளும் எங்கள் நாட்டில் ஊர்கள் முதலில் தேர்வாளர்களை அனுப்பும். அந்தத் தேர்வாளர்கள் ஓர் அறையில் கூடி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒளிவுமறைவு கிடையாது. ஒவ்வொருவரும் அதிகாரியின் மேசை முன் நின்று ஒரு பெயரை உரக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். க்ரேன்பாக் வட்டாரத்தில் பாதிப் பேர் நகரத்து வக்கீல் ஒருவர் பெயரைச் சொன்னார்கள். பாதிப் பேர் எர்லன்பெர்க் பிரபுவின் வன அதிகாரி பெயரைச் சொன்னார்கள். மூன்று சுற்று சமமாகவே போனது. நான்காவது சுற்றில் யாரோ அலுத்துப்போய் மாவாலைக்காரர் ரூப் என்றார். வயது முப்பதுக்கு மேல். சட்டம் கேட்ட அளவுக்கு வரி கட்டுகிறவர். யாரோடும் வழக்கு இல்லை. அவரைப் பிடிக்காதவர் என்று யாரையும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு தரப்பும் அவரை ஏற்றுக்கொண்டன.

பிரபுவின் தரப்பு ஏற்றுக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆலை வெண்டலினுடையது. கல் அவருடையது, சக்கரம் அவருடையது. சக்கரத்தைச் சுற்றும் தண்ணீர் மட்டும் அவருடையதல்ல. அது பிரபுவின் ஏரியிலிருந்து வாய்க்காலில் வந்தது. அந்த ஏரியின் மதகுச் சாவி பிரபுவின் காரியஸ்தர் ஹார்ட்டுங்கின் இடுப்பில் தொங்கியது.

எர்லன்பெர்க் பிரபு பிறப்புரிமையால் மேலவையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பிரபுவின் தண்ணீரை நம்பிய ஆலைக்காரர் அதே கட்டடத்தின் மறுகோடியில், கீழவையின் நான்காம் வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இடம் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கிடைத்தது. தூண் கிடைத்தது கடவுள் செயல் என்று அவர் என்னிடம் சொன்னார்.

முதல் நான்கு மாதம் அவர் வாய் திறக்கவில்லை. என் குறிப்பேடுகளில் அவர் பெயர், பதவிப் பிரமாணத்தன்று ஒருமுறை வருகிறது, பிறகு இல்லை. சபையில் உட்கார்ந்திருக்கும்போது தொடைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து வைத்திருப்பார். எழுந்தால் கால்சட்டையில் இரண்டு ஈரக் கைகளின் அடையாளம் இருக்கும். நான் மேடைக்குக் கீழே, உறுப்பினர்களைப் பார்த்தபடி உட்காருகிறவன். யார் தூங்குகிறார், யார் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் தூங்கவே மாட்டார்.

பிறகு வேட்டை மசோதா வந்தது.

பிரபுக்களின் காட்டுப்பன்றிகள் விவசாயிகளின் வயலில் இறங்கி உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்றால் விவசாயி கூச்சல் போடலாம், பானையைத் தட்டலாம். பன்றியின்மேல் கை வைத்தால் சிறை. சொந்த வயலுக்குள் வந்த பன்றியை விவசாயி சுடலாம் என்றது மசோதா. அவ்வளவுதான். கீழவை அதை முதல் தடவை நிறைவேற்றிய அன்று வெண்டலினுக்குக் காய்ச்சல். உண்மையான காய்ச்சல்தான், விதவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் அது வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்ட பிறகு வந்து, வாக்கெடுப்பு முடிந்ததும் போய்விட்டது.

மேலவை மசோதாவை நிராகரித்துத் திருப்பி அனுப்பியது. இனி கீழவை தன் முடிவில் உறுதியாக நின்றால் அது டியூக்கின் கைக்குப் போகும். விட்டுக்கொடுத்தால் அங்கேயே புதைந்துவிடும். இந்த முறை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து வாக்கெடுப்பு. யார் என்ன சொன்னார் என்பது அச்சாகி ஊர் ஊராகப் போகும்.

அந்த வாரம் வெண்டலினைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் அவர் ஊர் விவசாயி உர்பன் ட்ரெஷர். ஊரின் தேர்வாளர்களில் ஒருவர். காலணியில் சேறு அப்பியிருந்தது. விதவை அவரை மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டாள். படியிலேயே உட்கார்ந்து பேசினார்.

"வெண்டலின் அண்ணே, என் மேட்டு வயலைப் பார்த்தா அழுகை வரும். ஒரு கிழங்கு மிச்சமில்ல. பன்றி உழுத மாதிரி நான் ஜென்மத்துல உழுததில்ல."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சா சரி. ஒரு வார்த்தை. 'ஆம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உட்காருங்க. நீங்க பிரசங்கம் பண்ண வேண்டாம். உங்களால முடியாதுன்னு ஊருக்கே தெரியும்."

"தண்ணியை நிறுத்திட்டா?"

உர்பன் சுவரைப் பார்த்தார். "நிறுத்தினா நாங்க இருக்கோம்ல" என்றார். எப்படி இருப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இரண்டாவது வந்தவர் காரியஸ்தர் ஹார்ட்டுங். அவரை விதவை தன் நல்ல நாற்காலியில் உட்கார வைத்தாள். மெல்லிய ஆள், மெல்லிய குரல். பயமுறுத்தவே இல்லை. வாய்க்காலில் இந்த வருடம் வண்டல் அதிகம் என்றார்; ஏரிக்கரையைப் பழுது பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார்; அப்படிப் பழுது பார்த்தால் எத்தனை மாதம் ஆகும் என்று சொல்வது கஷ்டம் என்றார். எழுந்து கையுறை மாட்டும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"பேர் கூப்பிடுவாங்க. 'இல்லை'ன்னு சொல்லு, ரூப். சின்ன வார்த்தை. நாக்குக்குச் சிரமம் தராது."

"சரிங்கய்யா" என்றார் வெண்டலின். கதவு மூடிய பிறகும் இரண்டு தடவை "சரிங்கய்யா" என்றார்.

வாக்கெடுப்பு நாள் காலையில் நானும் அவரும் ஒன்றாகச் சபைக்கு நடந்தோம். பாலத்தருகே அவர் நின்றார்.

"தம்பி, உங்க சுருக்கெழுத்துல 'இல்லை'ன்னு எப்படிப் போடுவீங்க?"

பாலத்துக் கைப்பிடியில் படிந்திருந்த பனியில் விரலால் போட்டுக் காட்டினேன். கீழ்நோக்கி ஒரு சிறு கீறல்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"பேனாவை எடுக்கக்கூட வேண்டியதில்ல" என்றார். முகத்தைப் பார்த்தேன். முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. உர்பனின் மேட்டு வயலை நினைத்தேன். நான் எழுதிக்கொள்ள மட்டும் சம்பளம் வாங்குகிறவன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய உறுப்பினர்களுக்கு அது மூச்சு விடுவது போல. யாரும் புதியவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. மேலவையிலிருந்து ஒரு மசோதா திரும்பி வந்தால், தலைவர் மசோதாவைப் பற்றிக் கேட்கமாட்டார். மேலவையின் முடிவைப் பற்றித்தான் கேட்பார். அன்றும் அப்படித்தான் கேட்டார்: "மேலவை இந்த மசோதாவை நிராகரித்ததை இந்த அவை ஏற்கிறதா? ஏற்பவர்கள் ஆம் என்க. ஏற்காதவர்கள் இல்லை என்க."

அதாவது, பன்றி பக்கம் நிற்பவர் 'ஆம்' சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு பக்கம் நிற்பவர் 'இல்லை' சொல்ல வேண்டும்.

நான் வெண்டலினைப் பார்த்தேன். தூணின் ஓரத்தில் அவர் முகத்தில் பாதிதான் தெரிந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பிரார்த்தனை அல்ல, அந்த ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கேட்ட கேள்வி அவர் காதில் ஏறியிருக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. பக்கத்து இருக்கையில் மருந்துக்கடைக்காரர் யூஸ்டஸ் பெக். கேட்டிருந்தால் அவர் விளக்கியிருப்பார். ஆனால் பெக் டியூக்கின் போலீஸ் குறித்துவைத்திருக்கும் ஆள் என்பதால் வெண்டலின் அவரோடு வானிலை பற்றிக்கூடப் பேசுவதில்லை.

பெயர்கள் அகரவரிசையில். ஆல்பர். பாமன். பெக் எழுந்து "இல்லை!" என்று கூரை அதிரச் சொன்னார். வெண்டலின் அதைக் கவனித்திருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். அவர் கவனிக்கவில்லை. செயலர் நிதானமாகப் படித்துக்கொண்டே போனார். என் விரல்கள் கீறல் போட்டன, வளைவு போட்டன. எழுந்து ஓடிப்போய் அவர் காதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. சுருக்கெழுத்தன் வாக்கெடுப்பின்போது நாற்காலியை விட்டு எழுந்தால் அன்றோடு வேலை போகும். நான் எழவில்லை.

"ரூப், க்ரேன்பாக்."

அவர் எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை."

பெக் இருக்கையிலிருந்து பாதி எழுந்து வெண்டலினின் கையை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார். "மாவாலைக்காரரே! உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் ஒளிஞ்சிருந்தானா!"

அப்போதுதான் வெண்டலினுக்கு விளங்கியது. ஒரு முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. மேலிருந்து கீழே, குவளையிலிருந்து பால் வடிவது போல.

மிச்சப் பெயர்கள் முடிந்தன. கூட்டிச் சொல்வதற்கு முன் தலைவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது. "தம் வாக்கைத் திருத்த விரும்புபவர் உண்டா?" கேட்டுவிட்டு அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அவர் பொடி போட்டு முடிக்கும் வரைதான் அவகாசம், அதுவும் வழக்கம்தான்.

வெண்டலின் எழுந்திருக்கப் பார்த்தார். இருக்கைக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வந்தது. சபை முழுக்க அவர் பக்கம் திரும்பாமல் காத்திருந்தது. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் தும்மினார். மசோதா ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் பிழைத்தது. வெண்டலின் மாற்றிச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்கும்.

வெளியே படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உறுப்பினருங்க வந்து திருத்தலாம்னு சொன்னீங்களே?"

"பேச்சைத் திருத்தலாம். வாக்கைத் திருத்த முடியாது."

"நான் பேசவே இல்லையே. பேசாத பேச்சுல ரெண்டு வரி சேர்த்துக்க முடியாதா? தப்பா விளங்கிக்கிட்டேன்னு?"

"முடியாதுங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலவைக்காரர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. ஒவ்வொரு வண்டிக்கும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

சபை கலைந்து அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது சக்கரம் நின்றிருந்தது. ஏரிக்கரைப் பழுது என்று மதகில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். கரையில் ஒரு மண்வெட்டிகூட இல்லை. வாய்க்காலின் அடியில் தேங்கிய குட்டையில் மீன் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்ததாகவும், அவர் அவற்றை வாளியில் அள்ளி ஆற்றில் விட்டதாகவும் அப்போலோனியா சொன்னாள். அன்று முழுக்க அவர் செய்த ஒரே வேலை அதுதானாம்.

ஊர் அவரைக் கொண்டாடியது. அது அவருக்கு மதகு மூடியதைவிட மோசமாக இருந்தது. உர்பன் தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்தார். ஜனங்கள் தங்கள் தானியத்தை அரை நாள் தூரத்திலிருந்த வேறொரு ஆலைக்கு வண்டியில் கொண்டுபோய் அரைத்து, வரும் வழியில் ஆளுக்கொரு படி மாவை இவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மாவாலைக்காரன் வீட்டுக்கு மாவு! ஒவ்வொரு முறை கதவு தட்டும்போதும், உண்மை தெரிந்துபோய்த் திட்ட வந்திருக்கிறார்கள் என்று அவர் பின்வாசல் பக்கம் போய்விடுவார். அப்போலோனியாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"நான் பிரபு பக்கம்தான் சொல்லப் போனேன்டி."

"சொன்னது எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் வந்துடுச்சு."

"அப்ப வாயை மூடிக்கிட்டு அந்த மாவைப் பிசைங்க" என்றாளாம்.

அடுத்த கோடையில் அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சபைக் காகிதங்களைப் பற்றித் தெரிந்த ஆள் அவருக்கு நான் ஒருவன்தான். வந்து போக முடியுமா என்று கேட்டிருந்தார். விடுமுறை. தபால் வண்டியில் போனேன்.

காரியஸ்தர் ஹார்ட்டுங் ஏற்கனவே வந்து மேசையருகே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு தாள், மசி, இறகுப் பேனா. வெண்டலின் கையெழுத்திட வேண்டிய கடிதத்தை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'க்ரேன்பாக் உறுப்பினராகிய நான், வேட்டை மசோதா வாக்கெடுப்பில் தலைவரின் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு, என் எண்ணத்துக்கு மாறாக வாக்களித்துவிட்டேன்.' கீழே கையெழுத்துக்கு இடம்.

மசோதா இன்னும் டியூக்கின் மேசையில் கிடந்தது. கீழவைக்காரர்கள் எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரியாமல் வாக்களித்தவர்கள் என்று டியூக்கிடம் காட்டப் பிரபுவுக்கு இப்படிச் சில கடிதங்கள் தேவைப்பட்டன. எப்படியோ அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வெண்டலின் பாதி எழுந்ததைப் பார்த்த கண்கள் என்னுடையவை மட்டுமல்ல.

"படிச்சுப் பாரு தம்பி" என்று ஹார்ட்டுங் தாளை என் பக்கம் தள்ளினார். "ஒரு வார்த்தை பொய் இருக்கா? நான் யாரையும் பொய் சொல்லச் சொல்ற ஆள் இல்ல."

படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பார்த்தியா, ரூப். கையெழுத்துப் போட்டா நாளைக்குக் காலையில மதகு திறக்கும். நீ ஊர்க்காரங்க மாவை எத்தனை நாள் தின்பே? வெட்கமா இல்ல?"

"இருக்குங்கய்யா."

"அப்புறம் என்ன யோசனை?"

அப்போலோனியா அடுப்பருகே நின்றிருந்தாள். பயறு கொதித்துக்கொண்டிருந்தது, அவள் கிளறவில்லை. வெண்டலின் பேனாவை எடுத்தார். நுனியிலிருந்து மசி சொட்டாதபடி விரலைக் கீழே பிடித்திருந்தார்.

"நீங்க சொல்றது நிஜம்தாங்கய்யா" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "எனக்குக் கேள்வி புரியல. உங்க பக்கம் சொல்லத்தான் போனேன். ஆனா தலைவர் ரெண்டாந்தரம் கேட்டாரில்ல, திருத்தறீங்களான்னு. அப்ப புரிஞ்சிருந்துச்சு."

"அப்ப ஏன் எழுந்திருக்கல?"

"பயம். எழுந்திருக்கப் பயம்."

"அதையே எழுதிடலாம். பயத்துல எழுந்து திருத்தலைன்னு. இன்னும் நல்லது."

வெண்டலின் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"இப்பவும் பயமா இருக்குங்கய்யா. போடவும் பயமா இருக்கு, போடாம இருக்கவும் பயமா இருக்கு. அளந்து பார்த்தா ரெண்டும் ஒரே எடையாத்தான் இருக்கு." பேனாவை மசிக்கூட்டுக்குள் திரும்ப வைத்தார், இரண்டு முறை தவறி மூன்றாம் முறை வைத்தார். "இல்லைங்கய்யா."

ஹார்ட்டுங் சிரித்தார். "எதுக்கு 'இல்லை'? மறுபடியும் கேள்வி புரியலையா?"

"புரிஞ்சுதுங்க."

"தண்ணி வராது, ரூப். இந்த வருஷமும் வராது. அடுத்த வருஷமும் வராது."

"புரிஞ்சுதுங்க."

ஹார்ட்டுங் தாளை நான்காக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினார். வாசலில் வெண்டலின் அவருக்குக் குதிரையின் அங்கவடியைப் பிடித்துவிட்டார்; பழக்கம். குதிரை நகர்ந்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றார். குளம்புச் சத்தம் பாலத்தின்மேல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அவர் நகரவில்லை.

"அந்த ஆள் திரும்பி வந்தா நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடு" என்றார் மனைவியிடம்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. இங்கதான் நிப்பேன்."